‘செக்’: ஒரு ராஜாவின் பெயர் வங்கித் தாள் ஆனது எப்படி?

தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘செக்’ என்ற சொல் நாளுக்கு நாலு முறையாவது கண்ணில் படும். ‘அமைச்சருக்குச் செக் வைத்த கட்சித் தலைமை’ என்பது அரசியல் செய்தி. ‘செக் திரும்பியதால் வழக்கு’ என்பது நீதிமன்றச் செய்தி. வாட்ஸ்அப்பில் பரவிய படம் பொய் என்று சொல்ல ‘ஃபேக்ட் செக்’ வருகிறது. சதுரங்கப் போட்டியில் ஒருவர் விடாமல் செக் கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்கிறார். பிரிட்டன் பட்ஜெட்டைப் பற்றிய செய்தியில் அந்நாட்டு நிதியமைச்சரை ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். அந்த நீளமான பட்டத்துக்குள்ளும் ஒரு செக் உட்கார்ந்திருக்கிறது.

தடுப்பது, பணம் தரும் தாள், சரிபார்ப்பது, ஆட்டத்தில் ஒரு நிலை, அரசுக் கருவூலம். இவற்றுக்குள் ஒட்டும் உறவும் இருப்பதாகத் தெரியவில்லை. இவை தற்செயலாக ஒரே ஒலி பெற்ற வெவ்வேறு சொற்களா, அல்லது ஒரே சொல்லா? ஒரே சொல்தான். பாரசீக மொழியில் ‘ராஜா’ என்று பொருள்படும் ‘ஷா’ என்ற சொல்லிலிருந்து இத்தனையும் கிளைத்தன. இந்தக் குடும்பத்தில் சேராத ‘செக்’கும் உண்டு. அது கடைசியில்.

முதலில் ஒரு வேறுபாடு

பல பொருள் தரும் சொற்களில் இரண்டு வகை உண்டு.

1. ஓடுகிற ஆறும், எண்ணிக்கையான ஆறும் தொடர்பில்லாதவை. இரண்டு சொற்கள், ஒலி மட்டும் ஒன்று.

2. முகத்திலுள்ள கண், வலைக்கண், மயில்தோகையின் கண் ஆகியவை ஒரே சொல். உருவ ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறது.

செக் இரண்டாவது வகை. ஆனால் கண்ணைப் போல நடுவில் நின்று நாலு பக்கமும் கிளை விட்ட சொல் அல்ல. ஒரு பொருளிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று சங்கிலியாக நகர்ந்தது. அதனால்தான் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவே தெரிவதில்லை. இடைக் கண்ணிகளைப் பார்த்தால் ஒவ்வொரு நகர்வும் இயல்பாகவே இருக்கிறது.

பலகையில் கேட்ட குரல்

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும் ‘சதுரங்கம்’ என்ற சொல், ஆட்டத்தோடு சேர்ந்து இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’. ஸ்பானிய மொழியின் ‘அஹெத்ரெஸ்’, போர்த்துகீசிய மொழியின் ‘ஷத்ரேஸ்’ இரண்டும் இதன் வழிவந்தவை.

ஐரோப்பாவின் மற்றப் பகுதிகள் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டன, பெயரை ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள் அடிக்கடி உரக்கச் சொன்ன ஒரு சொல்லையே ஆட்டத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது அவரை எச்சரிக்க வேண்டும் என்பது பாரசீக மரபு. அந்த எச்சரிக்கைதான் ‘ஷா!’, அதாவது ‘ராஜா, பார்த்துக்கொள்!’. ஜெர்மன் மொழியில் சதுரங்கம் ‘ஷாக்’, இத்தாலிய மொழியில் ‘ஸ்காக்கி’, ரஷ்ய மொழியில் ‘ஷாக்மதி’. எல்லாம் இந்தக் கூவலிலிருந்து வந்தவை.

‘ஷா’ எப்படி ‘செக்’ ஆனது? லத்தீனில் ‘ஷ’ ஒலி கிடையாது. அதனால் வார்த்தை ‘ஸ்காக்கஸ்’ என்று உருமாறியது. பழைய பிரெஞ்சில் ‘ஸ்க’ என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் ஓர் ‘எ’ சேரும். ‘ஸ்கூல்’ என்று நாம் ஆங்கிலத்தில் அறிந்த சொல்லை நம்மில் பலர் ‘இஸ்கூல்’ என்பதைப் போல. கூடவே ‘க’ ஒலி ‘ச’ பக்கம் மெலிந்து ‘எஸ்செக்’ ஆனது. ஆங்கிலம் அதை வாங்கியபோது முன்னொட்டை உதறிவிட்டு ‘செக்’ என்று வைத்துக்கொண்டது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையைத் தனியாக வாங்கி ‘செஸ்’ ஆக்கியது. ஆக, ஆங்கிலத்தில் ‘செஸ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘ராஜாக்கள்’.

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ‘ராஜா செத்தார்’ என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்தவர், செய்வதறியாது நிற்பவர். பாரசீக விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லை. நகர இடமின்றி நிற்பதோடு ஆட்டம் முடிகிறது.

இன்னொரு சின்னச் செய்தி. ‘ஷா’ என்பதன் பழம்பாரசீக வேருக்கு ‘ஆளுதல்’ என்று பொருள். வடமொழியின் ‘க்ஷத்ர’, அதிலிருந்து வந்த ‘சத்திரியர்’ இரண்டும் அதே வேரின் உறவினர்கள்.

பலகையை விட்டு வெளியே

ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகு சொல் நகர்ந்த பாதை இது:

1. ராஜாவுக்கு வரும் திடீர் ஆபத்து. செக் வந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் விட்டுவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும்.

2. எதிராளியைத் திட்டம் கைவிடச் செய்வதால், போரிலும் வாழ்க்கையிலும் ஒருவரைச் சட்டென நிறுத்துகிற எதுவும் ‘செக்’. பனி ஹாக்கியில் எதிராளியை உடலால் மோதித் தடுப்பது இன்றும் ‘செக்’தான்.

3. திடீர்த் தடை நாளடைவில் நிரந்தரத் தடையாகிறது. அதிகாரம் கைமீறாமல் பிடித்து நிறுத்துவது. அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ இந்தப் பொருளில்தான். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பை முறியடிக்கலாம். இருவர் கையிலும் ஆளுக்கொரு செக்.

4. முறைகேட்டைத் தடுக்க வேண்டுமானால் கணக்கை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதே ‘செக்’ ஆனது. ‘சரிபார்’ என்ற இன்றைய பொருள் இங்கே பிறக்கிறது.

மூன்றிலிருந்து நான்குக்குத் தாவுவது சிலருக்கு வலிந்து சொன்னதாகப் படலாம். ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லைப் பாருங்கள். பிரெஞ்சில் அதன் மூலம் ‘எதிர்ச் சுருள்’, அதாவது கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருக்கும் இரண்டாவது பிரதி. அது சரிபார்ப்பில் தொடங்கி, கட்டுப்படுத்துவதில் முடிந்தது. செக் கட்டுப்படுத்துவதில் தொடங்கிச் சரிபார்ப்பில் முடிந்தது. ஒரே தெருவில் எதிரெதிராக நடந்த இரண்டு சொற்கள். கணக்கைப் பார்க்கிறவன் கையில்தான் கடிவாளம் இருக்கிறது என்பது நிர்வாகத்தில் இருந்த எவருக்கும் தெரியும்.

கருவூலத்தின் கட்டம் போட்ட துணி

இனி இதன் இன்னொரு கிளை. இது ஆட்டத்தில் கேட்ட கூவலிலிருந்து அல்ல, ஆடும் பலகையிலிருந்து புறப்பட்டது.

சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’, பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனுக்கு வரவேண்டிய வரியைக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை இருந்தது. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. நாணயம் உருண்டு கீழே விழாமலிருக்க விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்குக் கட்டை. பார்ப்பதற்குப் பெரிய சதுரங்கப் பலகை. அலுவலகத்தின் பெயரே ‘பலகை’ என்றாகிவிட்டது. அதுதான் ‘எக்ஸ்செக்கர்’. ‘எஸ்’ எப்படி ‘எக்ஸ்’ ஆனது என்றால், அது லத்தீன் முன்னொட்டு என்று யாரோ தப்பாக நினைத்துத் திருத்தியதால். படித்தவர்கள் செய்த பிழை.

துணி எதற்கு? ரோமானிய எண்களில் இடமதிப்பு கிடையாது, சுழியமும் கிடையாது. அந்த எண்களை வைத்துத் தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற வாய்ப்பாடு வேறு. துணியில் பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் என்று வலமிருந்து இடமாகப் பத்திகள். செலுத்த வேண்டிய தொகைக்கு மேலே காய்கள். செலுத்திய தொகைக்குக் கீழே காய்கள். மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதை எடுத்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பாக்கி. மாவட்டத்தில் அரசனுக்காக வரி வசூலித்த அதிகாரிதான் ஷெரீப். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீப்பும் தன் கண்ணாலேயே கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நடைமுறையை 1170களின் இறுதியில் அரசுப் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் உரையாடல் வடிவில் எழுதிவைத்தார். பெயர்க்காரணத்தையும் அவரே விளக்குகிறார். வடிவம் பலகையைப் போல இருப்பது ஒரு காரணம். பலகையில் இரு தரப்பு மோதுவதுபோல், இந்த மேசையில் பொருளாளரும் கணக்குக் கொடுக்க வந்த ஷெரீப்பும் மோதுவது இன்னொரு காரணம். ஈஸ்டர், மைக்கேல்மஸ் என்ற இரு கிறிஸ்தவத் திருநாள்களையொட்டி ஆண்டுக்கு இரண்டு முறை இந்த மோதல் நடக்கும். வரிக் கணக்கு ஒரு சண்டை என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மேசை போய்விட்டது, துணி போய்விட்டது, அந்த அலுவலகமும் 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டது. நிதியமைச்சரின் பட்டம் மட்டும் இன்றும் ‘பலகையின் சான்சலர்’.

கட்டம் போட்ட துணிகளை ‘செக்’ டிசைன் என்பதும், கார்ப் பந்தய முடிவில் ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடியின் பெயரும், அமெரிக்கர்களின் ‘செக்கர்ஸ்’ ஆட்டமும் இந்தப் பலகைக் கிளையைச் சேர்ந்தவை.

பிளந்த குச்சியும் அடித்தாளும்

ஷெரீப் பணம் கட்டியதற்கு ரசீது? தாள் அரிது. அதனால் ஹேசல் மரக் குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அகலம். வெட்டுப் போட்ட பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ‘ஸ்டாக்’ எனப்பட்ட நீளமான பாதி பணம் கட்டியவருக்கு. ‘ஃபாயில்’ எனப்பட்ட குட்டைப் பாதி கருவூலத்துக்கு. பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகை பொருந்தாவிட்டாலோ, ஒரு பாதியில் வெட்டு கூடுதலாக இருந்தாலோ மோசடி அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இந்தக் குச்சிகள் 1826 வரை அதிகாரபூர்வமாகப் புழங்கின. 1834 அக்டோபர் 16 அன்று, குவிந்து கிடந்த பழைய குச்சிகளை இரண்டு வண்டி நிறைய ஏற்றி, லண்டனில் பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கிகள் தாங்கவில்லை. நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. இன்று படங்களில் பார்க்கும் கட்டடம் அதன் பிறகு கட்டியது.

வங்கிச் செக் இந்தக் குச்சியின் தத்துவத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணம் கோரும் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதே விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளும் அடித்தாளுக்குத்தான் ‘செக்’ என்று பெயர். பிறகு யாராவது தொகையைத் திருத்தினாலோ போலித் தாளைக் கொண்டுவந்தாலோ, அடித்தாளோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார். மோசடிக்கு வைத்த தடை என்பதால் ‘செக்’. முதலில் அடித்தாள், அப்புறம் அடித்தாளோடு கூடிய படிவம், அப்புறம் கிழித்துக் கொடுக்கிற தாள் என்று பெயர் இடம் மாறியது. பெயரைப் பறிகொடுத்த அடித்தாள் இன்று ‘கவுண்டர்ஃபாயில்’. பழைய குச்சியின் ஃபாயில் அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனும் அதைப் பின்பற்றும் நாடுகளும் வங்கித் தாளுக்கு மட்டும் வேறு எழுத்துக்கூட்டல் (check அல்ல, cheque) வைத்திருப்பது ஏன்? எக்ஸ்செக்கரின் (Exchequer) எழுத்துக்கூட்டலைப் பார்த்து, பணம் தொடர்பானது என்பதால் இதற்கும் அதே அலங்காரத்தைப் போட்டுவிட்டார்கள். அமெரிக்கா போடவில்லை, அங்கே எல்லாச் செக்குக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

இங்கே ஒரு மாற்றுக் கதையையும் சொல்ல வேண்டும். வங்கிச் செக் என்ற சொல் அரபியின் ‘ஸக்’ என்பதிலிருந்து வந்தது என்று பல இடங்களில் உறுதியாக எழுதுகிறார்கள். ‘ஸக்’ என்பது உண்மையான சொல்தான். எழுத்துப்பூர்வப் பணப் பத்திரம். அதன் பன்மையான ‘சுகூக்’ இன்றைய இஸ்லாமிய நிதித் துறையில் பத்திரங்களைக் குறிக்கிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்துவதால் கதை கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் சொல் முதலில் அடித்தாளைத்தான் குறித்தது. கடன் வாங்கிய அரபுச் சொல்லாக இருந்தால் பணத் தாளைத்தானே முதலில் குறித்திருக்கும்? ஆங்கில அகராதிகள் ‘தடுக்கும் செக்’ பக்கம் நிற்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் விட்ட கிளைகள்

அடித்தாள் பொருள் அமெரிக்காவில் டோக்கன் பக்கம் நகர்ந்தது. பெட்டியை ஒப்படைத்தால் தரும் அடையாளச் சீட்டு செக். அதனால் விமான நிலையத்தில் பெட்டியை ‘செக் இன்’ செய்கிறோம். உணவகத்தில் பில்லும் செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வருவதற்கான சீட்டு ‘ரெயின் செக்’. பட்டியலைச் சரிபார்த்ததும் பக்கத்தில் போடும் குறியும் செக். கணினித் திரையில் குறி போடும் சதுரம் ‘செக் பாக்ஸ்’. போக்கரில் பந்தயம் கட்டாமல் முறையைக் கடத்துவதும் செக்.

குச்சியின் வாரிசு: செக் இலக்கம்

பிளந்த குச்சியின் வேலையைக் கணினி யுகத்தில் செய்வது ‘செக் இலக்கம்’. கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கம் அதுதான். முன்னாலுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு அதை வைக்கிறார்கள். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960இல் பெற்ற முறை இது.

1234 என்ற சிறிய எண்ணில் செய்து பார்ப்போம்.

1. வலமிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிப்பாக்கவும்: 4 என்பது 8, 3 அப்படியே, 2 என்பது 4, 1 அப்படியே. இரட்டிப்பு இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்கவும்.

2. கூட்டுத்தொகை 8 + 3 + 4 + 1 = 16. அடுத்த பத்தின் மடங்கான 20க்கு 4 தேவை. அதுதான் செக் இலக்கம். முழு எண் 12344.

3. யாராவது கைதவறி 12354 என்று தட்டினால், கடைசி 4 அப்படியே, 5 இரட்டித்து 10, அதாவது 1 என்று அதே கணக்கில் 4 + 1 + 3 + 4 + 1 = 13 வரும். பத்தின் மடங்கு இல்லை. எண் தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

ஓர் இலக்கத் தவறு எதையும் இது பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். 09 என்பது 90 ஆவதைத் தவிர. ஆனால் குச்சிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். குச்சி மோசடிக்காரனுக்கு எதிரானது. லூன் முறை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு என்பதால் மோசடியைத் தடுக்காது, கைத்தவறை மட்டுமே தடுக்கும்.

குடும்பத்தில் சேராதவர்கள்

செக் குடியரசின் பெயர் அம்மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலம் அதைப் பழைய போலந்து எழுத்துக்கூட்டலில் வாங்கியது. ஷாவுக்கும் அதற்கும் ஒட்டில்லை, உறவில்லை. வேடிக்கை என்னவென்றால், செக் மொழியில் சதுரங்கம் ‘ஷஹி’, வங்கிச் செக் ‘ஷெக்’. ஷா அங்கேயும் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்.

‘செக்மேட்’ என்பதிலுள்ள மேட்டும், ‘ரூம்மேட்’ என்பதிலுள்ள மேட்டும்கூட வேறு வேறு. பின்னது, சேர்ந்து சாப்பிடுபவர் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல். இது ‘ஆறு’ வகை. எண்ணெய் ஆட்டும் நம் செக்கும் அப்படித்தான்; சொல்லாமலே தெரியும்.

தமிழில் எந்தச் செக்?

தமிழ் இந்தச் சொல்லை அதன் பல பொருள்களோடும் வாங்கிக்கொண்டு, குழப்பத்தை வினைச்சொல்லை வைத்துத் தீர்த்துக்கொண்டது.

1. செக் வைத்தார்: தடுத்தார், மடக்கினார்.

2. செக் பண்ணினார், செக் செய்தார்: சரிபார்த்தார்.

3. செக் போட்டார்: வங்கியில் செலுத்தினார்.

4. செக் சட்டை, செக் புடவை: பின்னால் பெயர் வந்தால் கட்டம்.

அரசியல் செய்திகளில் வரும் ‘செக் வைத்தார்’ என்பதைச் சிலர் கொச்சை என்று ஒதுக்குவதுண்டு. இந்தச் சொல்லின் தமிழ்ப் பயன்பாடுகளில் மூலத்துக்கு மிக அருகில் நிற்பது அதுதான். பலகையிலிருந்து நேராக வந்தது. அமைச்சரை ராஜா இடத்தில் வைத்துப் பார்க்கிற ஒரு சின்ன மரியாதையும் அதில் இருக்கிறது.

வினை கைவிடுகிற இடம் ஒன்றே ஒன்று. ‘அவர் எதிராளிக்குச் செக் கொடுத்தார்’ என்று மட்டும் ஒரு வாக்கியம் வந்தால், ராஜாவைத் தாக்கினாரா, பணத்தைத் தீர்த்தாரா என்று அடுத்த வரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.